பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள்: கையை ஆட்டி விளையாடும் கேம் எதை வாங்குவது?

சிம்ஸ்பார்க்_மருமகள் (குன்னூர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வீடியோ கேம் பற்றி அதிகம் தெரியாது. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்காரர் பக்கத்து ஆட்கள் மொத்தமாக மேலே வருகிறார்கள். மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம், திருப்பூரிலிருந்து கொழுந்தன் குடும்பம், கூடவே அத்தை. குழந்தைகள் மட்டும் ஆறு பேர், நாலு வயதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும். பகல் பிரச்சினை இல்லை. சிம்ஸ் பார்க், டால்பின்ஸ் நோஸ், லேம்ப்ஸ் ராக் என்று ஓட்டிவிடலாம். ஆறு மணிக்கு மேல்தான் பாடு. கீழே இருந்து வருகிறவர்கள் ஜனவரிக் குளிரில் கம்பளிக்குள் போய்விட்டால் அப்புறம் வெளியே வர மாட்டார்கள். மூலைக்கு ஒருவராக போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். போன வருடம் அப்படித்தான் போனது. ரிமோட் குழந்தைகள் கையில் இருந்ததால் அத்தை சீரியலும் பார்க்க முடியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, தான் வைத்திருந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "வாரியோவேர் மூவ் இட் வாங்குக்கா, அஞ்சு செகண்டுக்கு ஒரு கேம், பட்டன் தெரிய வேண்டாம், கையை ஆட்டினால் போதும்" என்கிறான். கோயம்புத்தூரில் கேட்டுப் பார்த்த கடைக்காரர் ஒன்-டூ-ஸ்விட்ச் என்கிறார். பிளஸ் டூ படிக்கிற பையன் இப்போதே போன் போட்டு மாரியோ பார்ட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம்.

எங்கள் நிலவரம் இது. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதிலேயே சோபாவும் இருக்கிறது. பழைய வீடு, பலகைத் தளம், கீழே வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. சாயங்காலம் ஊரே ஹீட்டர் போடுவதால் வோல்டேஜ் இறங்கிவிடும். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி, ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் அவரையும் சேர்த்துக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது?


லவ்டேல்_பையன்

அக்கா, வாங்குவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். உங்களிடம் இருப்பது சாதாரண ஸ்விட்சா, ஸ்விட்ச் லைட்டா? லைட் என்றால் கதை வேறு. அதை டிவியில் மாட்டவே முடியாது, பக்கத்துக் கைப்பிடிகளும் கழன்று வராது.


சிம்ஸ்பார்க்_மருமகள்

கழன்று வருகிறது தம்பி. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். டிவியோடு சேர்க்கிற பெட்டியும் இருக்கிறது.


விசில்_வாத்தியார் (அருவங்காடு)

ஏம்மா, அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது.

நான் ரிட்டயர்டு பி.டி. வாத்தியார். மழைக்காலத்தில் கிரவுண்டு சேறாகிவிட்டால் ஒரு வகுப்புப் பிள்ளைகளை நாலு சுவருக்குள் வைத்து மேய்க்க வேண்டும். நான் கற்ற வித்தை அதுதான். என் மகன் வேலைக்குப் போன புதிதில் வீ கன்சோல் (ஸ்விட்சுக்கு முந்தைய நிண்டெண்டோ கருவி) வாங்கி வந்தான். அன்றிலிருந்து இந்தக் கையாட்டும் கேம்கள் எங்கள் தெருவுக்கே பொதுச்சொத்து. அந்த உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் உங்கள் தம்பி சொன்ன வாரியோவேர். 2003-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் ஆரம்பித்த வரிசை அது. திரையில் ஒற்றை வரியில் ஒரு கட்டளை வரும். என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே கண்டுபிடித்து ஐந்து விநாடிக்குள் செய்துவிட வேண்டும். செய்தாலும் செய்யாவிட்டாலும் அடுத்தது வந்துவிடும். போகப் போக வேகம் கூடும். மொத்தம் நாலு உயிர். நாம் சின்ன வயதில் "கொக்கு பற பற, மைனா பற பற" என்று ஆடுவோமே, நடுவில் "கல்லு பற பற" என்றதும் கையைத் தூக்கிவிட்டு அசடு வழிவோமே, அதன் சங்கதிதான் இது. திறமை வேண்டாம், விழித்திருந்தால் போதும். தோற்றாலும் அவமானம் ஐந்து விநாடிதான்.

மூவ் இட் 2023 நவம்பரில் வந்தது. இருநூறுக்கு மேல் குட்டி விளையாட்டுகள். கைக்கு ஒன்றாக இரண்டு கையிலும் ஜாய்-கான் (அந்தச் சிவப்பு, நீலக் கைப்பிடிகளுக்கு அதுதான் பெயர்). ஒவ்வொரு விளையாட்டுக்கு முன்னாலும் இப்படி நில், கையை இங்கே வை என்று ஒரு நிலை காட்டும். குந்தி நிற்கிற நிலையும் உண்டு. முட்டி வலிக்காரர்கள் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டியதே இல்லை. காரணம் சொல்கிறேன்.

ஜாய்-கானுக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அளக்கும் ஆக்ஸிலரோமீட்டர். இன்னொன்று, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கும் ஜைரோஸ்கோப். இரண்டும் உங்கள் கையில் இருப்பதால் அதற்குத் தெரிவது கை மட்டும்தான். முட்டி மடங்கியதா, இடுப்பு வளைந்ததா என்று அதற்குத் துளியும் தெரியாது. "குந்து" என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் சட்டென்று ஒரு சாண் கீழே இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொண்டுவிடும். எங்கள் வீட்டம்மா அப்படித்தான் ஆடுவாள். நின்று ஆடுகிறவர்களை ஜெயிக்கவும் செய்வாள். அதனால் உங்கள் அத்தைக்குக் கை வைத்த நாற்காலி ஒன்றை டிவிக்கு நேராகப் போடுங்கள். பலகைத் தளம் பற்றிய கவலைக்கும் இதே பதில்தான். ஓடவோ குதிக்கவோ வேண்டிய இடத்தில் கையை மட்டும் குலுக்கச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்க்க மாட்டார்.

ஆங்கிலம்தான் நிஜமான இடைஞ்சல். கட்டளை வந்து போகிற வேகத்தில் ஆங்கிலம் தெரிந்த பெரியவர்களே முழிப்பார்கள். அதற்கு ஒரு ஆள் போடுங்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பேத்தியை நிறுத்தி, கட்டளை வந்த நொடியில் "பாட்டி, பிடி! பாட்டி, தட்டு! பாட்டி, ஓடு!" என்று கத்தச் சொல்லுங்கள். பேத்தி தப்பாகக் கத்தினால் இன்னும் நல்லது. விளையாட்டில் பாதி சிரிப்பு அங்கேதான் வரும்.

கேம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் ஆடுகிறவர் யார் என்றுதான் யோசிக்கிறார்கள். பதினாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு நேரத்தில் இரண்டு பேர் ஆடுவார்கள், பன்னிரண்டு பேர் பார்ப்பார்கள். ஆகவே பார்க்கிறவர்களுக்குக் கேம் வாங்குங்கள். இதை நான் கற்றுக்கொண்டது பழைய வீ காலத்து வாரியோவேரில், ஸ்மூத் மூவ்ஸ் என்று பெயர். அதில் ஒரே ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் வரை மாற்றி மாற்றி ஆடலாம். ரிமோட்டைப் பிடிக்கிற விதத்துக்கு அந்தக் கேமில் தனித்தனி நிலைகள் உண்டு. மூக்கின் மேல் வைத்தால் யானைத் தும்பிக்கை. தலை உச்சியில் நிறுத்தினால் கொண்டைமயிர். எங்கள் எதிர்வீட்டில் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டிலிருந்து ரிட்டயரான சுபேதார் ஒருவர் இருக்கிறார். மீசை மட்டும் ஒரு பிளட்டூன். வாசலில் பந்து விழுந்தால் பிள்ளைகள் போய் எடுக்கப் பயப்படும். ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி, கேக் கொடுக்க வந்தவர் கையில் யாரோ ரிமோட்டைத் திணித்துவிட்டார்கள். அவர் விறைப்பாக அட்டென்ஷனில் நின்று, ரிமோட்டைத் தலைமேல் வைத்து, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் முட்டியை மடக்கி மடக்கி எழுந்தார். ஹாலில் இருந்த பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். அவர் ஜெயித்தாரா என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மறுநாளிலிருந்து பந்து எடுக்க யாரும் பயப்படவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். மூவ் இட்டில் கதை முறை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஆனால் ஆளுக்கு இரண்டு வீதம் நாலு ஜாய்-கான் வேண்டும். பார்ட்டி முறையில் ஆளுக்கு ஒன்று போதும், நாலு பேர் வரை. உங்களிடம் ஒரு ஜோடிதானே இருக்கிறது? பார்ட்டி முறையில் இரண்டு பேராக ஆரம்பியுங்கள். மதுரை ஒரு அணி, திருப்பூர் ஒரு அணி. ஒரு ரவுண்டு முடிந்ததும் ஜாய்-கான் அடுத்த ஆளின் கைக்கு மாறியாக வேண்டும், ஜெயித்தவரும் எழுந்துவிட வேண்டும். இந்த ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிட்டால் பெரிய பையன்கள் ஜாய்-கானைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தொல்லை இருக்காது. நாலு ஜாய்-கான் கிடைத்தால் இன்னொரு விளையாட்டும் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி கையாட்டிக்கொண்டு நிற்க, அதில் உண்மையில் ஆடுகிறவர் யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நடிக்கத் தெரிந்த சித்தப்பாக்களுக்கு அளவெடுத்துத் தைத்தது.

கடைக்காரர் சொன்ன ஒன்-டூ-ஸ்விட்ச் பழசு. 2017 மார்ச்சில் ஸ்விட்சோடு சேர்ந்தே வந்தது, மொத்தம் 28 விளையாட்டு. டிவியைப் பார்க்காமல் எதிராளி முகத்தைப் பார்த்து ஆடுவதுதான் அதில் விசேஷம். மாட்டில் பால் கறக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் கறக்க வேண்டும், சிரிப்பை அடக்க முடியாது. உங்கள் அத்தை நிஜமாகவே மாடு கறந்தவர் என்றால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். ஜாய்-கானைப் பெட்டி மாதிரி சாய்த்து, உள்ளே எத்தனை குண்டு உருள்கிறது என்று அதிர்வை வைத்தே சொல்வது ஒன்று. உள்ளே ஒன்றுமே கிடையாது, வெறும் அதிர்வுதான், ஆனால் கோலிக்குண்டு உருண்டு சுவரில் முட்டுவது விரலுக்கு அப்படியே தெரியும். ஸ்விட்சையே குழந்தையாகப் பாவித்து ஆட்டித் தூங்கவைக்கிற ஒன்றும் உண்டு. இவை எல்லாமே உட்கார்ந்து ஆடலாம், படிக்க வேண்டியதும் குறைவு. குறை என்னவென்றால் ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும். இரண்டாம் நாள் யாரும் தொட மாட்டார்கள். முழு விலை கொடுக்காதீர்கள். யாரிடமாவது இரவல் கிடைத்தால், செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தால் வாங்குங்கள்.

மாரியோ பார்ட்டி நல்ல கேம்தான், ஆனால் பரமபதம் மாதிரி கட்டம் கட்டமாக நகர்ந்து, நடுநடுவில்தான் மினிகேம். ஒரு ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு பேர் ஆட, பத்துப் பேர் கொட்டாவி விடுவார்கள். பெரியவர்கள் படுத்த பிறகு பிளஸ் டூ பையன் ஆடட்டும், அதுவும் இன்னொரு வருடத்துக்கு.

ஒன்றுதான் என்றால் மூவ் இட். என் ஓட்டு அதற்கு.

அப்புறம், மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் ஒருவரையும் ஆடவிடாதீர்கள். 2006-இல் வீ வந்த புதிதில் பட்டை அறுந்து ரிமோட் பறந்த கதைகள் உலகம் முழுக்க வந்தன. நிண்டெண்டோவே முப்பது லட்சத்துக்கு மேல் பட்டைகளை மாற்றிக் கொடுத்தது. குளிரில் விறைத்த கை வேறு, ஸ்வெட்டர் நுனி வேறு, வழுக்கும். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுப் பட்டையை மாட்டச் சொல்லுங்கள்.


கீழ்மலை_சந்தேகி

எதற்கு இவ்வளவு செலவு? அந்தாக்ஷரி போடுங்கள், தாயக்கட்டை உருட்டுங்கள். கரண்டும் வேண்டாம், சிங்கப்பூர் தம்பியும் வேண்டாம்.


சிம்ஸ்பார்க்_மருமகள்

அண்ணா, தாயக்கட்டை போன வருடமே எடுத்து வைத்தேன். நாத்தனாரும் ஓரகத்தியும் வெட்டுக்காயில் சண்டை போட்டு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை :)


கொடை_மூடுபனி (கொடைக்கானல்)

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். என் அனுபவத்தையும் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். நாங்கள் நாயுடுபுரம் பக்கம் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அக்டோபர், நவம்பரில் மழையும் பனியும் இறங்கிவிட்டால் விருந்தாளிகள் தூண்பாறையும் பார்க்க முடியாது, படகும் விட முடியாது. "பணம் கொடுத்து மேகத்தைப் பார்க்கவா வந்தோம்" என்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகவே பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கருவியும் அதோடு சேருகிற கினெக்ட் கேமராவும் வாங்கிப் போட்டோம்.

கினெக்ட் 2010-இல் வந்தது. கையில் எதுவுமே பிடிக்க வேண்டாம், எதிரே நின்றால் போதும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் புள்ளி புள்ளியாக ரூம் முழுக்க வீசி, நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று அதுவே அளந்துகொள்ளும். முதல் முறை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். படகில் போகிற மாதிரி ஒரு விளையாட்டு, இரண்டு பேர் சேர்ந்து சாய்ந்து சாய்ந்து ஓட்ட வேண்டும். குழந்தைகள் விடவே மாட்டார்கள்.

ஆனால் மலைவீட்டுக்கு அது சரிப்படாது என்பது என் முடிவு. ஒரு ஆளுக்கு ஆறடி, இரண்டு ஆளுக்கு எட்டடி தள்ளி நிற்க வேண்டும். இங்கே குளிருக்காக அந்தக் காலத்தில் கட்டிய ரூம்கள் எல்லாம் சின்னது. உங்கள் பன்னிரண்டு அடி ஹாலில் டிவி மேஜை, சோபா போக எட்டடி எங்கே தேறும்? அடுத்தது உடுப்பு. சென்னையிலிருந்து வருகிறவர் தலையிலிருந்து முழங்கால் வரை சால்வை போர்த்திக்கொண்டு நிற்பார், அது பாவம் கை எங்கே, கால் எங்கே என்று தேடும். சால்வையை எடுங்கள் என்றால் எடுக்க மாட்டார். பகலில் ஜன்னல் வழியாக வெயில் நேராக அடித்தாலும் தடுமாறும். மைக்ரோசாஃப்ட் 2017-இலேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், கெட்டுப்போனால் பழைய சாமான்தான் தேட வேண்டும். உட்கார்ந்துகொண்டு ஏமாற்றலாம் என்று வாத்தியார் சொன்னாரே, அந்த வேலையும் இதில் ஒழுங்காக நடக்காது. கினெக்ட் முழு உடம்பையும் பார்க்கும்.

இப்போது ஹாலில் இருப்பது ஒரு பழைய வீ. ரூமுக்கு எங்களிடம் வருகிறவர்கள் வீ ஸ்போர்ட்ஸ் பவுலிங் போட்டுவிட்டுத்தான் சாப்பிடவே வருகிறார்கள். வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். சில ராத்திரி, ரிமோட் நீட்டுகிற இடத்தைத் திரையில் காட்டும் கை முத்திரை தானாகவே ஆடுகிறது, ஓரத்துக்கு ஓடிப்போகிறது. பேட்டரி மாற்றியும் அப்படித்தான். ரிமோட் போச்சா?


விசில்_வாத்தியார் (அருவங்காடு)

ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு கேள்வி: ஹாலில் கணப்பு மூட்டுகிறீர்களா? இல்லை, சிவப்பாகக் காய்கிற கம்பி ஹீட்டர் டிவி பக்கத்தில் இருக்கிறதா?


கொடை_மூடுபனி

கணப்புக்கு மேலேதான் டிவியே மாட்டியிருக்கிறோம்! விருந்தாளிகள் கேட்டால் மூட்டுவோம்.


விசில்_வாத்தியார் (அருவங்காடு)

அதுதான் விஷயம். வீ ஆடும்போது டிவியின் மேலோ கீழோ ஒரு நீளமான குச்சி வைப்போமே, சென்சார் பார் என்று பெயர். பெயரில்தான் சென்சார், அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். பார்க்கிற கண் ரிமோட்டின் நெற்றியில் இருக்கிறது. இரண்டு ஒளிப்புள்ளி எங்கே தெரிகிறது என்று வைத்து, ரிமோட் எங்கே நீட்டுகிறது என்று கணக்குப் போடும். நெருப்பும் அகச்சிவப்பைக் கக்கும். கணப்பில் விறகு எரிந்தால் ரிமோட்டுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று, நாலு விளக்கு தெரியும், எதை நம்புவது என்று தெரியாமல் அலைபாயும். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை கால் சூட்டுக்காகக் கம்பி ஹீட்டரை டிவிக்குக் கீழே வைத்துவிட்டு "பொம்மைக்குப் பேய் பிடித்திருக்கு" என்றார். ஹீட்டரை ஆடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நகர்த்தியதும் பேய் இறங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் மரத்து சீரியல் விளக்கும் இதே வேலையைக் காட்டும்.

இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். சென்சார் பார் ஒயரை எலி கடித்துவிட்டால் டிவிக்கு முன்னால் அரையடி இடைவெளியில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வையுங்கள், வேலை செய்யும். திரைச்சீலையைக் கொளுத்திவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

இன்னொன்று. வீ டிஸ்க் வாங்கும்போது எந்த நாட்டுடையது என்று பாருங்கள். அமெரிக்க டிஸ்க் ஐரோப்பிய வீ-யில் ஓடாது. ஸ்விட்சில் அந்தத் தொல்லை இல்லை, எந்த நாட்டுக் கார்டும் ஓடும்.


சிம்ஸ்பார்க்_மருமகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூவ் இட் என்று முடிவாகிவிட்டது. வீட்டில் இருக்கும் நாலு வயதுக் குட்டி இப்போதே இரண்டு கரண்டியை வைத்துக்கொண்டு பயிற்சி எடுக்கிறாள். இன்னும் கொஞ்சம் சந்தேகம். சார்ஜர் ப்ளக் பெரிய சதுரக் காலாக இருக்கிறது, நம் சாக்கெட்டில் போகவில்லை. போன் சார்ஜர் போட்டால் ஸ்விட்ச் சார்ஜ் ஆகிறது, ஆனால் டிவியில் படம் வரவில்லை. அது கெட்டுவிட்டதா? வோல்டேஜ் பற்றியும் யாரும் சொல்லவில்லை. இது தவிர, தம்பி பொங்கலுக்கு முந்தின நாள் வருகிறான், "ஸ்விட்ச் டூ வாங்கியிருக்கேன், அதையே கொண்டுவரேன்" என்கிறான். அதில் ஆடினால் இன்னும் நன்றாக இருக்குமா?


லவ்டேல்_பையன்

கெடவில்லை அக்கா. டிவி பெட்டிக்கு 15 வோல்ட் கொடுக்கிற சார்ஜர் வேண்டும். சாதாரண போன் சார்ஜர் பலவும் அதைத் தராது. அதோடு வந்த சிங்கப்பூர் சார்ஜரையே போடுங்கள். கால் மாற்றுகிற கன்வர்ட்டர் எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். லொடலொடக்காமல் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வோல்டேஜுக்குப் பயப்படாதீர்கள், அந்த சார்ஜர் 100-லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும். சார்ஜர் மேலேயே அச்சடித்திருக்கும். குன்னூரில் எவ்வளவு இறங்கினாலும் அதற்குள் அடங்கிவிடும். டிவி எத்தனை வோல்ட் தாங்கும் என்று அதன் பின்பக்கத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் டூ விஷயத்தில்தான் உஷார். அது 2025 ஜூனில் வந்தது. மூவ் இட் அதில் ஓடும். ஆனால் அதோடு வருகிற புது ஜாய்-கானில் அகச்சிவப்புக் கேமரா கிடையாது. பழைய வலதுபக்க ஜாய்-கானின் அடியில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது பாருங்கள், அதுதான் அது. கையைக் கேமரா முன்னால் காட்டி ஆடுகிற விளையாட்டுகளுக்கு அது வேண்டும். அதனால் தம்பி புதுசைக் கொண்டுவந்தாலும் உங்கள் சிவப்பு, நீலத்தைத்தான் சேர்க்க வேண்டியிருக்கும். கம்பியில்லாமல் சேர்ந்துகொள்ளும், ஆனால் புது ஸ்விட்சின் பக்கத்தில் மாட்டி சார்ஜ் போட முடியாது. பேசாமல் உங்கள் பழைய ஸ்விட்சிலேயே ஆடுங்கள். தம்பியிடம் கேட்க வேண்டியது வேறு: பழைய ஜாய்-கான் இன்னொரு ஜோடி யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி வரச் சொல்லுங்கள். நாலு பேர் ஆடலாம்.


விசில்_வாத்தியார் (அருவங்காடு)

பையன் சொன்னது அத்தனையும் சரி. ஜாய்-கானில் கட்டைவிரலால் நகர்த்துகிற குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது என்று பழைய ஜோடிகளில் புகார் உண்டு. இரவல் வருவது அப்படி இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். மூவ் இட்டில் வேலையெல்லாம் அசைவுக்குத்தான், குச்சிக்கு அதிகம் இல்லை.

குளிர் பற்றி ஒன்று. தம்பி ராத்திரி கோயம்புத்தூரில் இறங்கி, விடிகாலை டிக்கியில் பெட்டியோடு மேலே வந்தால், சாமானை உள்ளே கொண்டுவந்த உடனே ஆன் செய்ய வேண்டாம். ஸ்விட்ச் 5 டிகிரிக்கு மேல்தான் ஓட்ட வேண்டும் என்று நிண்டெண்டோவே சொல்கிறது. பொங்கல் சமயத்தில் உறைபனி விழுகிற காலையில் காருக்குள் அதற்கும் கீழே போய்விடலாம். ஜில்லென்ற சாமான் சூடான ரூமுக்குள் வந்தால் உள்ளே வேர்க்கவும் செய்யும். பையைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, காபி, வர்க்கி, குளியல் எல்லாம் முடித்துவிட்டு எடுங்கள். மழைமாதத்தில் அலமாரியில் வைக்கும்போது மாத்திரை டப்பாவில் வருகிற சிலிக்கா பாக்கெட் நாலைந்தைக் கூடவே போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் செருப்பு பூக்கிற மாதிரி அதுவும் பூத்துவிடும்.

ஜாய்-கான் முழு சார்ஜில் ஏறக்குறைய 20 மணி நேரம் தாங்கும். ராத்திரி ஆட்டம் முடிந்ததும் கழற்றி சோபா இடுக்கில் போட்டுவிடாமல் ஸ்விட்சின் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் படுங்கள். மாட்டுகிற பொறுப்பை அந்தப் பிளஸ் டூ பையனிடம் கொடுங்கள். மாரியோ பார்ட்டி கிடைக்காத கோபத்துக்கு அவனுக்கும் ஒரு பதவி வேண்டுமே.